பிருகு ஏரிப் படத்தில் தெரிவது தண்ணியா, தார்ப்பாயா?

கோல்மார்க்கெட்_பழசு:
முனிர்கா_பையன் நேத்து ராத்திரி நம்ம டெல்லித் தமிழர் குழுவுல போட்டதை அப்படியே தர்றேன்: "மணாலி பக்கத்து பிருகு ஏரி உறையவே உறையாது. மே 28, நானே நேரில் பார்த்தேன். சாதா ஸ்போர்ட்ஸ் ஷூ போதும். டெல்லித் தமிழர்களே, பயப்படாம கிளம்புங்க." கூடவே ஒரு படம். படம் பூரா வெள்ளை. வலது ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு நீலம். அதுதான் ஏரித் தண்ணியாம்! தம்பி, அது தார்ப்பாய். 4,235 மீட்டர் உயரம். மே மாசம் அங்கே ஏரி எது, மேடு எதுன்னே தெரியாது. 1991லிருந்து டெல்லியில இருக்கேன், என்கிட்டயே கதையா?

முனிர்கா_பையன்:
கோல் மார்க்கெட் மொட்டை மாடியிலிருந்து பிருகு ஏரி தெரியுதா அங்கிள்? போனவன் நான். அது தண்ணி. வழியில டீக்கடைக்காரரே சொன்னார், முனிவர் தவம் செஞ்ச இடம், அதனால உறையாதுன்னு.

மயூர்விஹார்_அக்கா:
அவர் என்ன சொன்னார்னு எனக்குத் தெரியும். "பூரா நஹீ ஜம்தா". அந்த ஊர் நம்பிக்கை அதுதான், ஏரி முழுசா உறைஞ்சுடாது, கொஞ்சமாவது உறையாம மிச்சம் இருக்கும்னு. நீ "பூரா"வை டீக்கடையிலேயே விட்டுட்டு வந்திருக்க. தமிழ்லயும் பூரான்னா பூராதாம்ப்பா.

முனிர்கா_பையன்:
சரி, பூரா உறையலேன்னா மிச்சம் தண்ணிதானே? அந்த மிச்சத்தைத்தான் படம் எடுத்தேன்.

கோல்மார்க்கெட்_பழசு:
தார்ப்பாயை எடுத்திருக்க.

ஜனக்புரி_தாசன்:
பெருமாள் மார்பிலேயே எட்டி உதைச்சவர் பிருகு. அவர் பேர்ல இருக்கிற ஏரி உறைஞ்சா என்ன, உறையாட்டி என்ன?

ஆர்கேபுரம்_படிக்கட்டு:
உதை வாங்கின பெருமாளே கால் வலிக்குதான்னு கேட்டுப் பிடிச்சு விட்டார். உங்களுக்கு ஏன் சாமி இவ்வளவு கோபம்?

ஜனக்புரி_தாசன்:
பிடிச்சு விட்டது எதுக்கு? பாதத்துல இருந்த ஆணவக் கண்ணைப் பிடுங்க. அரைக்கதை சொல்லாதீங்க.

மயூர்விஹார்_அக்கா:
ரெண்டு பேரும் இந்தச் சண்டையை மலை மந்திர் முருகன் கோயில் வாசல்ல வச்சுக்குங்க. தம்பி, உன் ஷூ விஷயத்துக்கு வா. நான் போனது ஜூன் முதல் வாரம். விடியக்காலை 5 மணிக்குப் பனி மொசைக் தரை மாதிரி இறுகிக் கிடந்தது. ஸ்போர்ட்ஸ் ஷூவோட வந்த ஒருத்தர் சரிவுல உட்கார்ந்தபடியே இருபது அடி போனார். ஷூ மேல மாட்டிக்க ரப்பர் பட்டையில சங்கிலியும் பல்லும் கோத்து ஒண்ணு வாடகைக்குத் தர்றாங்களே, "கிராம்பான்"னு. அது இல்லாம காலையில ஏற முடியாது.

முனிர்கா_பையன்:
எனக்கு வழுக்கவே இல்லையே அக்கா. நான் ஏறினது மதியம் 2 மணிக்கு.

மயூர்விஹார்_அக்கா:
அடப்பாவி! 2 மணிக்கு இளகின பனி வழுக்காது, முழுங்கும். மேல பனி, அடியில ஓடை. தண்ணி அரிச்சு அரிச்சுக் கூரை மெலிஞ்சிருக்கும், காலை வச்சா இடுப்பு வரைக்கும் உள்ளே. ஓடையும் அப்படித்தான். ராத்திரிக் குளிர்ல உருகுறது குறையும், அதனால காலையில கணுக்கால் அளவுதான். சாயங்காலம் அதே இடத்துல முட்டிக்கு மேல. திரும்பும்போது எப்படித் தாண்டின?

முனிர்கா_பையன்:
ஷூ நனைஞ்சுது. அவ்வளவுதான்.

கோல்மார்க்கெட்_பழசு:
பேச்சை மாத்தாதீங்க. ஷூ நனைஞ்சா காயும். தார்ப்பாய் தண்ணி ஆகுமா?

ஆர்கேபுரம்_படிக்கட்டு:
நான் ஒண்ணு சொல்றேன், ரெண்டு பேரும் அடிக்க வராதீங்க. பனி உருகுற சமயத்துல அந்தத் தண்ணி ஐஸ் மேலேயே குட்டையாத் தேங்கும். தூரத்திலேருந்து பார்த்தா நல்ல நீலமாத் தெரியும். அடியில ஐஸ் அப்படியேதான் இருக்கும். கரையோரப் பாறை வெயில்ல சூடேறுறதால ஐஸ் முதல்ல இளகுறதும் ஓரத்துலதான். அதை ஏரி திறந்துடுச்சுன்னு நம்பி ஓரத்து ஐஸ்ல காலை வைக்கக் கூடாது. படத்துல இருக்கிற நீலம் அந்த மாதிரிக் குட்டையா இருக்கலாம்.

கோல்மார்க்கெட்_பழசு:
ஆக, ஏரித் தண்ணி இல்லைன்னு ஒத்துக்கிட்டீங்க. நான் சொன்ன தார்ப்பாய்தான்.

முனிர்கா_பையன்:
ஆக, தண்ணிதான்னு ஒத்துக்கிட்டீங்க. நன்றி அண்ணே.

ஆர்கேபுரம்_படிக்கட்டு:
நான் எதையும் ஒத்துக்கலையே!

மயூர்விஹார்_அக்கா:
பழசு சார், போன வருஷம் பராசர் ஏரியில மிதக்கிற தீவைப் பார்த்து "குப்பை ஒதுங்கியிருக்கு"ன்னு எழுதினவர் நீங்கதானே? 2,730 மீட்டர்ல தீவு குப்பையாத் தெரிஞ்ச கண்ணுக்கு 4,235ல தண்ணி தார்ப்பாயாத் தெரியாதா?

கோல்மார்க்கெட்_பழசு:
அன்னைக்கு மூடுபனி. அதையே எத்தனை தடவை சொல்லிக் காட்டுவீங்க? நான் வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறினவன்.

முனிர்கா_பையன்:
வெள்ளியங்கிரி 2,000 மீட்டர்கூட இல்லை அங்கிள். அந்த உயரத்துல மணாலி பஸ் ஸ்டாண்டே இருக்கு.

கோல்மார்க்கெட்_பழசு:
வெறுங்காலோட ஏறினேன்டா! சரோஜினி நகர்ல பேரம் பேசி வாங்கின ஜாக்கெட்டோட திரியிற உனக்கு என்ன தெரியும்?

முனிர்கா_பையன்:
ஜாக்கெட் 600 ரூபாய். குளிர் தாங்குச்சு. உங்களுக்கு என்ன கஷ்டம்?

மயூர்விஹார்_அக்கா:
உயரப் பேச்சு வந்ததால கேட்கிறேன் தம்பி. காஷ்மீரி கேட்ல ராத்திரி பஸ் ஏறி, மறுநாளே மேல கூடாரம், அதுக்கு அடுத்த நாள் ஏரி. டெல்லி 200 மீட்டர் சொச்சம். தலை வலிக்கலையா?

முனிர்கா_பையன்:
வலிச்சுது. வெயில்.

மயூர்விஹார்_அக்கா:
வெயிலாம்! வாந்தியும் வெயிலாலதானா? 3,000 மீட்டர் தாண்டினா, நேத்து தூங்கின இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல உயரத்துல இன்னைக்குத் தூங்காதேன்னு சும்மாவா சொல்றாங்க? தலைவலி வந்தா மேல போகாம நிக்கணும், விடலைன்னா இறங்கணும். இதையெல்லாம் எழுதாம "பயப்படாம கிளம்புங்க"ன்னு நாலு பேரை ஏத்தி விடுற.

முனிர்கா_பையன்:
வாந்தின்னு நான் சொல்லவே இல்லையே. யார் சொன்னா?

கோல்மார்க்கெட்_பழசு:
வாந்தி இருக்கட்டும். ஒரிஜினல் படம் எங்கே? குழுவுல போட்டது சுருங்கின படம்.

ஜனக்புரி_தாசன்:
பாதத்துக் கண் விஷயத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லலை.

முனிர்கா_பையன்:
இந்தாங்க ஒரிஜினல். பெரிசாக்கிப் பாருங்க. தண்ணிதான்.

கோல்மார்க்கெட்_பழசு:
பெரிசாக்கினேன். நீலத்துக்குப் பக்கத்துல கயிறு மாதிரி ஒண்ணு தெரியுது.

முனிர்கா_பையன்:
அது பாறை நிழல்.

கோல்மார்க்கெட்_பழசு:
தண்ணிக்கு எதுக்குடா கயிறு?