புதுப்பிப்பு: சம்பா அறுவடை முடிந்ததும் இரவிகுளம் போகலாமா?

கும்பகோணத்திலிருந்து அம்மாவோடு மாசியில் மூணாறு போய் இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாடு பார்க்கலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

"குட்டி போடும் காலம், பிப்ரவரி, மார்ச்சில் பூங்காவை மூடிவிடுவார்கள், சித்திரையில் போங்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதுதான் எங்களைக் காப்பாற்றியது. முன்பதிவு செய்துகொண்டு சித்திரை இரண்டாம் வாரம் திண்டுக்கல், தேனி, போடிமெட்டு வழியாகப் போனோம்.

சொந்த வண்டி நுழைவாயில் வரைக்கும்தான். அப்புறம் வனத்துறைப் பேருந்தில் ராஜமலை. அங்கிருந்து தார்ப்பாதையில் நடை. முழங்கால் வலியுள்ள அம்மா உட்கார்ந்து உட்கார்ந்தே ஏறிவிட்டார். 2,695 மீட்டர் உயர ஆனைமுடிச் சிகரத்தை அண்ணாந்து பார்க்கத்தான் முடியும். ஏற அனுமதி இல்லை.

எதிர்பாராதது ஒன்று. மூடுபனி விலகியபோது பத்தடி தூரத்தில் ஒரு தாய் வரையாடு, பின்னால் வளைந்த கொம்பு, ஈரம் சொட்டும் தாடை, காலடியில் குட்டி. புல்லைக் கடிக்கும் சத்தம்கூடக் கேட்டது. வயலைத் தவிர வேறெதையும் அதிகம் பார்த்திராத அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

சித்திரைதானே என்று ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள். அங்கே குளிர்கிறது.