பினாங்கு சைக்கிள் ஓவியம்: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். டிசம்பரில் அக்காவைக் கூட்டிக்கொண்டு பினாங்கு போகிறேன். ஜார்ஜ் டவுன் ஆர்மேனியன் தெருவில் எர்னஸ்ட் ஜகாரெவிச் 2012இல் வரைந்த சைக்கிள் பிள்ளைகளைப் பார்க்கத்தான் முக்கியமாக இந்தப் பயணம்.

சைக்கிள் நிஜமானது, பழைய வண்டி. சுவரோடு சேர்த்து நிறுத்தியிருக்கிறார்கள். பிள்ளைகள் மட்டும் பெயின்ட். முன்னால் அக்கா, பின்னால் அவளைக் கட்டிக்கொண்டு வாயைப் பிளந்து கத்தும் தம்பி. எங்கள் கதையேதான். அப்பா சைக்கிளில் அக்கா குரங்குப் பெடல் போடுவாள், நான் கேரியரில் இருப்பேன். நடுவில் சில வருடம் பேசாமல் இருந்துவிட்டோம். போன தையில்தான் சேர்ந்தோம். அந்தச் சுவர் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்தே ஆக வேண்டும்.

காலையில் எத்தனை மணிக்குப் போனால் கூட்டம் இருக்காது? பெயின்ட் ரொம்ப மங்கிவிட்டதா? அப்புறம், சூலியா தெருப் பக்கம் லூயிஸ் கான் வரைந்த ஊஞ்சல் பிள்ளைகள் இருக்கிறார்களே, அதிலும் ஊஞ்சல் நிஜம், அங்கே நடந்தே போய்விடலாமா? அக்காவுக்கு முழங்கால் வலி. கடை வரிசை நடைபாதையில் ஏறி இறங்கும் படிகள் அதிகமா? சமீபத்தில் போனவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.