ஜோர்டான் ஏரியில் கிராப்பி மீன் கிடைக்கும் இடம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

டாலஸில் இருந்தவரை ரே ஹப்பர்ட் ஏரியில் கிராப்பி பிடித்துக்கொண்டிருந்தேன், இந்தக் கோடையில் வேலை மாறி வட கரோலினா கேரிக்கு வந்ததிலிருந்து மீனே சிக்கவில்லை. படகு கிடையாது, எல்லாம் கரையிலிருந்துதான்.

போவது ஜோர்டான் ஏரிக்கு. ஃபாரிங்டன் சாலைப் பாலத்தடியிலும் 64ஆம் நெடுஞ்சாலைப் பக்கமும், பெரும்பாலும் பொழுது சாயும் நேரத்தில். இப்போது அக்டோபர் கடைசி, தண்ணீர் 65 டிகிரி ஃபாரன்ஹீட், கலங்கல் பச்சை. 6 பவுண்டு தூண்டில் நரம்பு, 1/16 அவுன்ஸ் ஜிக் (தலையில் எடை வைத்த செயற்கை இரைமுள்). வெள்ளை, சார்ட்ரூஸ் (மஞ்சள் கலந்த பச்சை) இரண்டு நிறமும் போட்டாயிற்று. தக்கை கட்டி உயிருள்ள சின்ன இரை மீனான மின்னோவையும் 4 அடியிலிருந்து 8 அடி வரை இறக்கிப் பார்த்தேன். தக்கை அமிழ்கிறது, இழுத்தால் உள்ளங்கை அளவு ஒயிட் பெர்ச் என்ற வேறு மீன், அதுவும் தூண்டில் முள்ளை நன்றாக விழுங்கிவிட்டு வருகிறது, கழற்றுவதற்குள் பொறுமை போய்விடும். எப்போதாவது வரும் கிராப்பியும் 10 அங்குலம் தேறாது, சட்டப்படி திருப்பி விட வேண்டியதுதான்.

வனவிலங்குத் துறை வரைபடத்தில் மீன்கள் ஒதுங்க மரக்கிளை போட்ட இடங்களைப் பார்த்தேன், நான் நிற்கும் இடத்திலிருந்து எதுவும் எட்டவில்லை. அப்புறம், வசந்தத்தில் முட்டையிடக் கரைக்கு வரும், அப்போது வா என்கிறார்கள். சரி, அது மார்ச், ஏப்ரல் கதை.

இலையுதிர் காலத்தில் கரையிலிருந்தே இங்கே கிராப்பி பிடிப்பவர்கள் எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் போடுகிறீர்கள்?