அட்மின் டைரக்டர் பதவி: சரி சொல்வதற்கு முன் என்னென்ன கேட்க வேண்டும்?

வேளச்சேரிக்காரி:
வணக்கம். நான் டாக்டர் இல்லை. எம்ஹெச்ஏ (ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் முதுகலை) படித்துவிட்டு சென்னையில் ஒரு கார்ப்பரேட் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன்ஸ் பக்கம் பத்து வருஷத்துக்கு மேலாக இருக்கிறேன். இப்போது பள்ளிக்கரணை பக்கம் நூறு படுக்கைக்குச் சற்று மேலுள்ள ஒரு ஆஸ்பத்திரியில் அட்மின் டைரக்டராக வரச் சொல்கிறார்கள். நடத்துவது ஒரு டாக்டர் குடும்பம். அப்பா சேர்மன், மகன் மெடிக்கல் டைரக்டர், பர்ச்சேஸும் பார்மஸியும் மருமகள் கையில். சம்பளம் நன்றாகத்தான் இருக்கிறது, உறுத்துவது வேறு. இருபது முப்பது வருஷம் பிராக்டீஸ் செய்த சர்ஜன்கள், டாக்டர் அல்லாத ஒருத்தி சொல்வதைக் கேட்பார்களா? ஏதாவது ஆகிவிட்டால் சட்டப்படி என் பொறுப்பு எதுவரை? அடுத்த வாரம் சேர்மனைப் பார்க்கப் போகிறேன், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய நிர்வாகி:
மேடம், முதலில் சட்டம். சேரும்போது யாரும் இதை உட்கார வைத்துச் சொல்வதில்லை. 2016 மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளில் யாரைப் பொறுப்பாளி என்கிறார்கள் என்று படித்துப் பாருங்கள், நிறுவனத்தின் மீதும் அந்த இடத்தின் மீதும் நிர்வாகக் கட்டுப்பாடு உள்ளவர் என்று இருக்கும். அந்தக் கட்டுப்பாட்டை நியமன ஆர்டரில் உங்களுக்கு எழுதிக் கொடுத்தால் அது நீங்கள்தான். மஞ்சள் பையில் போக வேண்டியது சிவப்புப் பையில் போனாலும் சரி, சுத்திகரிக்காத கழிவு 48 மணி நேரத்துக்கு மேல் பின்பக்கம் கிடந்தாலும் சரி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அப்புறம் ஸ்கேன் ரூம். கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994 பிசிபிஎன்டிடி சட்டத்தில் கர்ப்பிணிக்கு எடுக்கும் ஸ்கேனுக்கு ஃபார்ம் எஃப் என்ற பதிவுப் படிவத்தை நிரப்பாமல் விட்டாலோ அரைகுறையாக நிரப்பினாலோ அதுவே மீறல், நிறுவனம் செய்த குற்றத்துக்கு அந்த நேரத்தில் நடத்தும் பொறுப்பில் இருந்தவர் மீதும் வழக்கு வரும். அதனால் சேர்மனைப் பார்க்கும்போது லைசென்ஸ் ஃபைலைக் கேளுங்கள். 1997 கிளினிக்கல் எஸ்டாபிளிஷ்மென்ட் சட்டப் பதிவு, எக்ஸ்ரேக்கும் சிடி ஸ்கேனுக்கும் ஏஇஆர்பி (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) உரிமம், ஃபயர், லிஃப்ட் எல்லாவற்றுக்கும் தேதி பாருங்கள். ரினியூவலுக்குப் போட்டிருக்கிறோம் என்றால் போட்டதற்கான ரசீதைக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் அந்த இடம் வேண்டாம்.

சர்ஜன்கள் விஷயம் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. எட்டு மணி ஆபரேஷன் எட்டு மணிக்குத் தொடங்கினால், கருவி செட் ஸ்டெரிலைஸ் ஆகித் தயாராக இருந்தால், அவர்களுடைய ஃபீஸ் மாதம் தவறாமல் கணக்கில் ஏறினால் மதிப்பு தானாக வரும். சிகிச்சை முடிவில் மட்டும் வாய் வைக்காதீர்கள். அதில் புகார் வந்தால் மெடிக்கல் டைரக்டர் மூலமாகத்தான் போக வேண்டும், அதை இப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

வார்டு சிஸ்டர்:
நான் நர்சிங் சூப்பரின்டென்டென்ட். நர்சிங் யாருக்கு ரிப்போர்ட் செய்கிறது என்று கட்டாயம் கேளுங்கள். பல இடங்களில் ரோஸ்டர் போடுவது நாங்கள், ஆள் எடுப்பது ஹெச்ஆர், லீவு தருவது சேர்மன் வீட்டம்மா என்று மூன்று பக்கம் இழுபடும். வேலை கேட்டுப் போகிற நீங்கள் ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு மேல் ஐசியூவைப் பார்க்க அனுமதி கேளுங்கள். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஒரு நர்ஸ் என்பதுதான் முறை, அங்கே ஒரு பெண் மூன்று பேரைப் பார்த்துக்கொண்டிருந்தால் மற்றதெல்லாம் எப்படி இருக்கும் என்று புரிந்துவிடும். பகலில் சுற்றிக் காட்டுவதை நம்ப வேண்டாம்.

கேஷ்லெஸ் கவுன்டர்:
இன்ஷூரன்ஸ் கம்பெனிகளிடமிருந்து வர வேண்டிய பாக்கியைக் கேட்க மறக்காதீர்கள், சம்பளம் நேரத்துக்குப் போடுவது அதில்தான் இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அந்த ஆஸ்பத்திரி இருந்தால், குடும்பத்துக்கு வருஷம் ரூ.5 லட்சம் வரை, சிகிச்சைக்குச் சிகிச்சை பேக்கேஜ் தொகை, நோயாளியிடம் மேலே கேட்கக் கூடாது. இதைத் தெரிந்துகொண்டே பில்லிங்கில் யாராவது கை நீட்டினால் பெயர் கெடுவது உங்களுக்கு. தனியார் பாலிசியில் 2024ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ விதி மாற்றியது, கேஷ்லெஸ் (பில்லை இன்ஷூரன்ஸ் கம்பெனியே நேராக ஆஸ்பத்திரிக்குக் கட்டுவது) அனுமதியைக் கம்பெனி ஒரு மணி நேரத்துக்குள், டிஸ்சார்ஜுக்கு இறுதி அனுமதி மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும். ஆனால் அந்த மூன்று மணி நேரம் நாம் கோரிக்கை அனுப்பிய பிறகுதானே ஆரம்பிக்கும்! காலை ரவுண்ட்ஸில் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி டைப் ஆகி, கன்சல்டன்ட் கையெழுத்துப் போட, மிச்ச மருந்தை பார்மஸிக்குத் திருப்பி முடிய மதியம் தாண்டிவிடுகிறது. பேஷன்ட் வீட்டுக்காரர்கள் டிபிஏவை (இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக க்ளெய்ம் பார்க்கும் ஏஜென்சி) திட்டிக்கொண்டு பில்லிங் முன்னால் நிற்பார்கள். முந்தின நாள் மாலையே சம்மரியைத் தயார் செய்கிற பழக்கம் கொண்டுவந்தால் பாதிச் சண்டை குறையும். நீங்கள் போய் முதலில் கைவைக்க வேண்டியது அங்கேதான்.

வேளச்சேரிக்காரி:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். பர்ச்சேஸ் எப்போதும் மருமகளிடமே இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அதனாலேயே மறுத்துவிட வேண்டுமா?

பழைய நிர்வாகி:
மறுக்க வேண்டியதில்லை. குடும்ப ஆஸ்பத்திரியில் பணம் குடும்பத்திடம் இருப்பது சகஜம். ஆனால் உயிர் காக்கிற விஷயங்களுக்கு, அதாவது ஆக்சிஜன், ஜெனரேட்டர் டீசல், வென்டிலேட்டர் ரிப்பேர், அவசர மருந்து இவற்றுக்கு யாரையும் கேட்காமல் நீங்களே செலவு செய்ய ஒரு தொகையை ஆர்டரில் போடச் சொல்லுங்கள். பள்ளிக்கரணை என்கிறீர்கள். 2015லும் 2023 டிசம்பரிலும் அந்தப் பக்கம் தண்ணீர் எப்படி நின்றது என்று வேளச்சேரியில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். ஜெனரேட்டரும் மெயின் பேனலும் எந்த உயரத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். கீழே இருந்தால் மேலே ஏற்றுவதற்குப் பணம் ஒதுக்குவீர்களா என்று சேர்மனிடம் நேராகவே கேளுங்கள். அவர் ஒதுக்குவேன் என்று சொல்லி, தொகையையும் எழுதித் தந்தால் தைரியமாகச் சேருங்கள்.