ரிவால்வரில் சரியாகப் படுகிறது, பிஸ்டலில் கீழே இறங்குகிறது: எந்த டிரிகரை எடுப்பது?

குறிதேடி:
வணக்கம். ஒன்றரை வருடமாக ரேஞ்சில் .38 ரிவால்வரில்தான் சுட்டுப் பழகியிருக்கிறேன், அதுவும் ஹேமரை (பின்பக்கம் இருக்கும் சுத்தியல்) கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து வைக்காமல் முழுக்க டபுள் ஆக்‌ஷனில். பத்து மீட்டரில் ஆறும் ஓர் உள்ளங்கை அளவுக்குள் விழுந்துவிடும். இப்போது சொந்தமாக ஒரு 9 மி.மீ. பிஸ்டல் வாங்கலாம் என்று உரிமத்துக்கான வேலைகளை முடித்துவிட்டு, தெரிந்தவர்களிடம் இருப்பதை எல்லாம் வாங்கிச் சுட்டுப் பார்த்தேன். குளாக் 17-இல் பாதிக்குமேல் கீழே இடப்பக்கம் போகிறது (நான் வலதுகைக்காரன்). 1911 என்கிற மாடலில் முதல் தோட்டா நான் நினைப்பதற்கு முன்பே கிளம்பிவிட்டது, நல்லவேளை துப்பாக்கி இலக்கைப் பார்த்துத்தான் இருந்தது. பெரெட்டா 92-இல் முதல் தோட்டா நன்றாக, இரண்டாவது எங்கேயோ. குளாக்கை வாங்கி, டிரிகரை லேசாக்கும் பாகங்களைப் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் ஒரு நண்பர். சரியாகுமா?

பழைய ஹேமர்:
ஆகாது. உங்கள் நண்பர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் காசு போகும், குறை அப்படியே இருக்கும்.

ரிவால்வரின் டபுள் ஆக்‌ஷன் டிரிகர் நீளம், கனமும் அதிகம், ஐந்து கிலோ அளவுக்கு இழுக்க வேண்டியிருக்கும். ஒரே இழுப்பில் ஹேமர் பின்னால் போகிறது, சிலிண்டர் சுற்றுகிறது, அப்புறம் ஹேமர் விழுகிறது. எந்த நொடியில் விழும் என்று உங்களுக்கே சரியாகத் தெரியாது, அதனால் உடம்பு முன்கூட்டியே இறுகுவதற்கு வழியில்லை. குளாக்கில் அப்படி இல்லை. முதலில் கொஞ்ச தூரம் லேசாக வரும், பிறகு ஓர் இடத்தில் முட்டி நிற்கும், அதைத் தாண்ட இரண்டரை கிலோ அளவு. அந்த முட்டுமிடம் வந்ததும் உங்கள் மூளை ‘இதோ வெடிக்கப் போகிறது’ என்று சொல்லிவிடுகிறது, உடனே மணிக்கட்டு கீழே அழுத்துகிறது, மற்ற விரல்களும் சேர்ந்து இறுகுகின்றன. வலதுகைக்காரருக்கு அது கீழே, இடப்பக்கம். இந்தப் பழக்கம் உங்களிடம் ஆரம்பத்திலிருந்தே இருந்திருக்கும், ரிவால்வர் அதை மூடி வைத்திருந்தது, அவ்வளவுதான்.

சோதிக்க வேண்டுமானால் இன்னொருவரை மேகசின் நிரப்பச் சொல்லுங்கள். நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே இரண்டு மூன்று டம்மித் தோட்டாக்களை அவர் இஷ்டப்படி கலந்து வைக்கட்டும், எது எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. டம்மி வரும்போது வெறும் ‘டிக்’தான் கேட்கும். அந்த நேரத்தில் முன்குறி (குழல் நுனியில் இருக்கும் குறிமுனை) எங்கே குதிக்கிறது என்று பாருங்கள். நான் முதல் தடவை பார்த்தபோது வெட்கமாகிவிட்டது.

சின்னக்கை:
மேலே சொன்னது சரி, ஆனால் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டிய ஒன்றை அண்ணன் விட்டுவிட்டார்: கை அளவு. துப்பாக்கி காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து உறுதி செய்துகொண்டு, குழல் உங்கள் முன்கையோடு ஒரே கோட்டில் இருக்கும்படி பிடியுங்கள். அந்தப் பிடியை மாற்றாமல் விரல் நுனியின் சதை டிரிகரின் நடுவில் உட்கார வேண்டும். எட்டுவதற்காகப் பிடியைத் திருப்பினால் அது உங்களுக்கான துப்பாக்கி இல்லை, எவ்வளவு பேர் புகழ்ந்தாலும் சரி.

பெரெட்டா 92-இல் நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். ஹேமர் இறங்கியிருக்கும்போது டிரிகர் ரொம்ப முன்னால் நிற்கும், எனக்கு எட்டவே எட்டாது. முதல் தோட்டா சுட்டதும் ஸ்லைடு (மேலே பின்னுக்குப் போய்வரும் பாகம்) ஹேமரை ஏற்றிவிடும், டிரிகரும் பின்னால் வந்துவிடும், அதன் பிறகு சுகமாக இருக்கும். அதாவது ஒரே துப்பாக்கியில் இரண்டு டிரிகர். குறிதேடிக்கு இரண்டாவது தோட்டா எங்கேயோ போவதும் அதனால்தான், முதலாவது அவருக்குப் பழகிய ரிவால்வர் இழுப்பு. இந்த வகை வேண்டும், ஆனால் கனமான முதல் இழுப்பு வேண்டாம் என்றால், சேஃப்டி உள்ள சிஇசட் 75-ஐப் பாருங்கள், ஹேமரை ஏற்றியபடியே சேஃப்டி போட்டு வைக்கலாம். டிகாக்கர் (ஏற்றிய ஹேமரைச் சுடாமல் இறக்கும் நெம்பி) உள்ள மாடலில் அது முடியாது, மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

குளாக்கிலும் நான்காம் தலைமுறையிலிருந்து பிடியின் பின்பக்கத் தகட்டை மாற்றிக்கொள்ளலாம், அதையும் போட்டுப் பாருங்கள்.

ஆயிரம்கிராம்:
லேசான டிரிகர் எல்லாம் பாவம் என்பதுபோல் பேச வேண்டாம். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் குறைந்தபட்சம் 500 கிராம், 25 மீட்டர் ஸ்போர்ட் பிஸ்டலில் 1000 கிராம். குழலை மேல்நோக்கி நிறுத்தி, டிரிகரில் எடைக்கட்டியைத் தொங்கவிட்டுத் தூக்கிப் பார்ப்பார்கள், எடை மேலே எழும்புவதற்குள் டிரிகர் விடுபட்டுவிட்டால் அந்தத் துப்பாக்கியோடு உள்ளே விட மாட்டார்கள். ஆனால் அங்கே எல்லோரும் நிதானமாக, இலக்கைப் பார்த்து நின்ற பிறகுதான் விரலை வைக்கிறார்கள். உறையிலிருந்து எடுக்கும் துப்பாக்கிக்கு அந்த எடை ஆகாது. 1911 உங்களை ஏமாற்றியதும் அதே கதைதான்: அந்த டிரிகர் நேராகப் பின்னால் நகரும், தூரம் மிகக் குறைவு, ரிவால்வர் விரலுக்கு அது தொட்டாற்சிணுங்கி.

டிரிகர் ரீசெட் பற்றி ஊரே பேசும். சுட்ட பிறகு ‘கிளிக்’ வரும்வரை மட்டும் விரலை விடு, அதற்குமேல் விடாதே என்பார்கள். என்னைக் கேட்டால் புதிதாக மாறுபவர் அதில் தலையைக் கொடுக்க வேண்டாம், முழுதாக விட்டுத் திரும்ப அழுத்துங்கள். கிளிக்கைத் தேடும் விரல் அடுத்த தோட்டாவில் வெடுக்கென்று இழுக்கும்.

இன்னொன்று, குளாக்கைப் பிரித்துத் துடைக்க டிரிகரை ஒருமுறை அழுத்தியாக வேண்டும். ரிவால்வரிலிருந்து வருபவர்களுக்கு இது புதுசு. மேகசினைக் கழற்றி, அப்புறம் ஸ்லைடை இழுத்து, தோட்டா உட்காரும் அறையைப் பார்த்து, விரலையும் விட்டுப் பார்த்துவிட்டு அழுத்துங்கள். இந்த வரிசை மாறினால், மேகசினில் இருந்து ஒன்று அறைக்குள் ஏறியிருக்கும்.

குறிதேடி:
எல்லோருக்கும் நன்றி. டம்மி சோதனை செய்தேன். எட்டில் மூன்று டம்மி. மூன்றிலும் முன்குறி தலையாட்டியது, கூட வந்தவர் சிரித்துவிட்டார். பாகங்கள் வாங்கும் யோசனையை விட்டாயிற்று. சின்னக்கை சொன்னபடி பிடித்துப் பார்த்தால் பெரெட்டாவில் எனக்கும் விரல் நுனி மட்டும்தான் எட்டுகிறது, குளாக்கில் சரியாக உட்காருகிறது. காலித் துப்பாக்கியில் பழக, முன்குறிமேல் ஒரு காலித் தோட்டாக்கூட்டை நிறுத்தி வைத்து அழுத்துகிறேன். நேற்று பத்தில் நான்கு தடவை விழுந்தது.

பழைய ஹேமர்:
நான்குதானா, பரவாயில்லையே! 9 மி.மீ.-இல் தாராளமாகச் செய்யுங்கள். .22-இல் மட்டும் டம்மி போடாமல் இப்படிப் பழகாதீர்கள், பல மாடல்களில் தோட்டாவை அடிக்கும் ஊசி அறையின் விளிம்பில் போய் இடித்துத் தழும்பாக்கிவிடும்.