யாருக்கு எத்தனை புள்ளி? மலேசியாவின் சுங்கை சிப்புட் மேடை அனுபவங்கள்

தமிழ்ப்பள்ளிப் பேச்சுப் போட்டி நீதிபதி:

போட்டியில் முதலில் கெட்டுப்போவது முதல் பிள்ளையின் புள்ளிதான். இன்னும் யாரையும் கேட்கவில்லையே என்று நீதிபதி கையை இறுக்கி 70 போடுவார். அதே தரத்தில் எட்டாவதாகப் பேசும் பிள்ளைக்கு 82 விழும். அதனால் முதல் மூவருக்கும் பென்சிலில் போடுங்கள். மூன்றாவது பிள்ளை இறங்கியதும் மூன்றையும் ஒப்பிட்டுத் திருத்திவிட்டுப் பேனாவை எடுங்கள்.

இதைவிடப் பெரிய கோளாறு கூட்டலில் இருக்கிறது. மூன்று நீதிபதிகள், இரண்டு பிள்ளைகள் என்று வையுங்கள். ஒரு நீதிபதி அள்ளிக் கொடுப்பார், அதிகமாகவும் வெட்டுவார்: முதல் பிள்ளைக்கு 92, இரண்டாவது பிள்ளைக்கு 74. மற்ற இருவரும் எண்பதை விட்டு நகராதவர்கள். ஒருவர் 80, 82 போடுகிறார், இன்னொருவர் 79, 81. கூட்டினால் 251, 237. மூவரில் இருவர் இரண்டாவது பிள்ளைதான் மேல் என்கிறார்கள், ஆனால் கோப்பை முதல் பிள்ளைக்குப் போகிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய அநியாயம்! ஒவ்வொரு நீதிபதியின் தாளிலும் புள்ளியை இடமாக மாற்றி, இடங்களைக் கூட்டுங்கள். முதல் பிள்ளைக்கு 1+2+2, ஐந்து. இரண்டாவது பிள்ளைக்கு 2+1+1, நான்கு. குறைந்த கூட்டுத்தொகைக்கே முதல் பரிசு.

"அவையோர் அனைவருக்கும்" என்று தொடங்கும் நீண்ட வணக்கத்துக்குப் புள்ளி கிடையாது என்பதை முன்கூட்டியே பள்ளிகளுக்குச் சொல்லிவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் முக்கால் நிமிடம் அதிலேயே போய்விடுகிறது. பேச்சு முடிந்ததும் அதே தலைப்பில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பெற்றோர் எழுதிக் கொடுத்ததா, பிள்ளை உள்வாங்கியதா என்று அப்போது தெரிந்துவிடும். ழகரம் சரியாக வருகிறதா என்பதும் மனப்பாடம் இல்லாத அந்தப் பதிலில்தான் தெரியும்.

உறுமி மேளப் பயிற்றுநர்:

வாத்தியார் ஐயா சொன்னது மேளத்துக்கும் பொருந்தும். எங்கள் பக்கம் கூடுதல் சிக்கல், கண். 2013-இல் சியா-ஜுங் சே என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வில், இசைப் போட்டியில் ஜெயித்தவர் யார் என்பதை ஒலி மட்டும் கேட்டவர்களைவிட ஒலியில்லாத காணொளி பார்த்தவர்களே கூடுதலாகச் சரியாகச் சொன்னார்கள். தொழில்முறை இசைக்கலைஞர்களும் இதற்கு விலக்கில்லை.

இங்கேயும் அதுதான் நடக்கிறது. ஒரே நிறச் சட்டை, சேர்ந்து குதிப்பது, குச்சியைச் சுழற்றுவது, கூட்டம் விசிலடிப்பது. ஆனால் உறுமியின் உயிர், ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் அந்த உறுமல். மழை பெய்த மாலையில் தோல் ஈரம் குடித்துத் தளர்ந்தால் உறுமல் அடங்கி வெறும் அடிதான் கேட்கும். மேடையேறுமுன் கயிற்றை இழுத்துக் கட்டினார்களா என்பதிலேயே குழுவின் தேர்ச்சி தெரியும். நீதிபதி முதல் இரண்டு நிமிடம் தலையைக் குனிந்து காதால் மட்டும் கேட்கட்டும். தாளத்துக்கும் உறுமலுக்கும் புள்ளி போட்டுவிட்டு நிமிரட்டும். மேசையை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் போடாதீர்கள், பம்பை மேளத்தின் சத்தம் உறுமியை விழுங்கிவிடும்.

கூட்டுறவுச் சங்க உறுப்பினர்:

பொதுவாழ்வில் இருப்பவர்களையும் இப்படித்தான் தலையைக் குனிந்து எடைபோட வேண்டும், அண்ணே. பெரிய ரப்பர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற காலத்தில், 1960-இல், அமைச்சராக இருந்த நம் ஊர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அப்போது பங்கு 100 வெள்ளி, மாதம் பத்துப் பத்தாகக் கட்ட முடிந்தது. அந்தக் காசு கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டமாக நின்றது. பால்மரம் சீவும் தொழிலாளி நேரில் போய்ப் பார்த்துக்கொள்ள முடிந்தது.

இன்றைக்குக் கோயில் திருவிழாவில் ஆளுயர மாதிரிக் காசோலையைக் கொடுத்துப் படம் எடுக்கிறார்கள். நிர்வாகக் குழு ஒரு நோட்டுப் போட்டு இரண்டு தேதிகளை எழுதினால் போதும்: படம் எடுத்த நாள், வங்கிக் கணக்கில் பணம் ஏறிய நாள். குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரருக்குக் குடிமக்களின் நீல அட்டை வாங்கித் தருகிறேன் என்பவரிடம், அலுவலகத்தில் கொடுத்த விண்ணப்பத்தின் நகலைக் கேளுங்கள். பெற்றுக்கொண்ட முத்திரை, தேதி, கோப்பு எண் மூன்றும் அதில் இருக்க வேண்டும். கோப்பு எண் இல்லாவிட்டால் மூன்று மாதம் கழித்து விசாரிக்கவே வழியில்லை.

பேச்சுப் போட்டி நீதிபதி:

தம்பி சொன்ன அந்த நோட்டு போட்டிக்கும் வேண்டும். புள்ளித் தாளின் நகலை அன்றைக்கே பயிற்சி கொடுத்த ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். கருத்து, மொழி, குரல் தனித்தனியாக இருந்தால் அடுத்த வருடத்துக்குள் எதைத் திருத்த வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரியும்.