காலநிலை மாற்றம் பொய் என்று முகத்துக்கு நேரே சொன்னவர்கள்: மலையகத்தில் உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

பூண்டுலோயாக்காரன்:

டித்வா புயலுக்குப் பிறகு ஒரு முகாமில் நடந்தது. எந்தப் பாடசாலை என்பது வேண்டாம். அரிசி, பருப்பு பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தோம். எங்களோடு வந்திருந்த பல்கலைக்கழக மாணவர் ஒருவர், கடல் சூடாகியிருப்பதால்தான் புயல் இவ்வளவு தண்ணீரைச் சுமந்து வந்தது என்று யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார். பாயில் படுத்திருந்த ஐயா ஒருவர் எழுந்து வந்தார். ஓய்வுபெற்ற கங்காணி. லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடு, முழுக்க மண்ணுக்குள் போய்விட்டது, குடும்பம் மட்டும் தப்பியிருந்தது.

"தம்பி, 78ல சூறாவளி மட்டக்களப்பையே புரட்டிப் போட்டுச்சு. அப்ப எந்தக் காபன்? மழை எப்பவும் பேஞ்சதுதான். எங்கள இந்தச் சரிவுக்குக் கீழ கொண்டாந்து வச்சவன் யாரு, அதைச் சொல்லு" என்றார்.

மாணவர் வாயடைத்துப் போனார். 78க்குப் பதில் இருக்கிறது. முன்பும் புயல் வந்தது என்பதால் இன்றைய புயலில் மனிதர் கை இல்லை என்று ஆகிவிடாது. காற்று ஒரு பாகை சூடானால் ஏறத்தாழ 7% கூடுதலாக நீராவியைத் தாங்கும். அதே மாதிரியான புயல் இன்று அதிக மழையோடு வருகிறது. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அந்த இரண்டாவது கேள்வி இன்னும் மனதில் நிற்கிறது. காலநிலை மாற்றம் என்று ஒத்துக்கொண்டால் மற்ற எல்லோரும் கை கழுவிவிடுவார்கள் என்று அவர் பயந்தார். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

ஹட்டன் டீச்சர்:

எனக்கு நடந்தது வகுப்பறையில். பத்தாம் ஆண்டு. புவி வெப்பமடைதல் பாடம் பாதியில் நிற்கிறது, ஒரு பையன் எழுந்து, "டீச்சர், நுவரெலியாவில புல்லு மேல ஐஸ் கட்டியிருக்கு, எங்க மாமா படம் அனுப்பியிருக்கிறார். உலகம் சூடாகுதுன்னா இது எப்படி?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. கேள்வி நல்ல கேள்வி. ஆனால் அவன் பதிலுக்காகக் கேட்கவில்லை, பாடம் பொய் என்று காட்டுவதற்காகக் கேட்டான். அவனுடைய அப்பா வீட்டில் அப்படித்தான் பேசுவாராம்.

தை, மாசியில் மேகமே இல்லாத, காற்றும் அசையாத இரவில் நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும், அதனால் விடியற்காலையில் தரையோடு ஒட்டிய இடம் உறைந்துவிடும் என்று விளக்கினேன். ஒரு ஊரின் ஓர் இரவை வைத்து உலகத்தின் முப்பது வருடச் சராசரியை அளக்க முடியாது என்றும் சொன்னேன். பையன் உட்கார்ந்துவிட்டான். அடுத்த நாள் வந்து, "அப்பா சொன்னாரு, டீச்சருக்குப் புத்தகத்துல உள்ளது மட்டும்தான் தெரியுமாம்" என்றான். அது என்னைச் சுட்டது. உறைபனியில் தேயிலை கருகினால் அன்றைய கொழுந்து போய்விடும் என்று வயிற்றெரிச்சலோடு பார்த்து வளர்ந்தவள் நான்.

பண்டாரவளைக் கிணறு:

பூண்டுலோயா அண்ணே, அந்த ஐயா சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. எங்கள் பக்கம் மலைக்கடியில் சுரங்கம் தோண்டினார்கள். உமா ஓயாச் சுரங்கம், இங்கே எல்லோருக்கும் தெரியும். தாத்தா காலத்துக் கிணறு வற்றியது. பக்கத்து வீட்டுச் சுவரில் கை நுழையும் அளவு வெடிப்பு. கூட்டம் போட்டார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த ஓர் அதிகாரி, தொண்டையைச் செருமிக்கொண்டு, "காலநிலை மாற்றத்தினாலும் நீரூற்றுகள் வற்றுகின்றன" என்று தொடங்கினார். பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா காலி வாளியைத் தூக்கி மேசையில் வைத்தார். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அன்றிலிருந்து எங்கள் தெருவில் காலநிலை மாற்றம் என்று யாராவது வாயெடுத்தாலே சண்டைதான். விஞ்ஞானம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் உண்மையான ஒன்றைத் தங்கள் தவறை மூடுவதற்கு எடுத்துப் போர்த்திக்கொண்டால் சனம் அந்த உண்மையையும் சேர்த்துத்தான் தூக்கி எறியும். மீரியபெத்தைத் தோட்டத்து மண்சரிவை நினைத்துப் பாருங்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் மண் இறங்குவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே, அந்த இடம் ஆபத்தானது, ஆட்களை மாற்றுங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. மழையை மட்டும் குற்றவாளியாக்கினால் அந்த எச்சரிக்கையைப் பெட்டிக்குள் வைத்தவர்கள் தப்பிவிடுவார்கள்.

தலவாக்கலை, இப்போது கொழும்பு:

என் கதை சின்னது. கனடாவில் இருக்கும் மாமா குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு போட்டார்: "எல்லாம் சூரியன் பண்ற வேலை, விஞ்ஞானிகள் காசுக்குப் பேசுறாங்க." என்னைப் படிக்க வைத்ததே அவர்தான். அதனால் குழுவில் யாரும் வாய் திறக்கவில்லை, நான் மட்டும் எழுதினேன். மூன்று மாதம் பேச்சுவார்த்தை இல்லை.

இப்படி விவாதம் வந்தால் என்ன சொல்வது என்று யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பலருக்கு உதவும்.

சூரியன் என்று சொன்னால், சூரியன்தான் காரணமென்றால் வளிமண்டலம் மேலேயும் கீழேயும் சேர்ந்தே சூடாகியிருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். அளந்து பார்த்தால் கீழே மாறன்மண்டலம் சூடாகிறது, மேலே படைமண்டலம் குளிர்கிறது. காபனீரொட்சைட்டு வெப்பத்தைக் கீழே பிடித்து வைத்தால் நடப்பது இதுதான். எரிமலை என்பார்கள். உலகத்து எரிமலைகள் எல்லாம் சேர்ந்து வெளியிடும் காபனீரொட்சைட்டு, மனிதர் வெளியிடுவதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

அந்த வாயு எங்கள் வேலைதான் என்று எப்படித் தெரியும் என்று கேட்டால், காபன் 14ஐச் சொல்லுங்கள். காலப்போக்கில் தானாகவே சிதைந்துபோகும் ஒரு வகைக் காபன் அது. நிலக்கரியும் எண்ணெயும் பல மில்லியன் வருடம் புதைந்து கிடந்தவை. அவற்றிலிருந்த காபன் 14 முழுக்கச் சிதைந்துபோயிருக்கும். வளிமண்டலத்தில் காபன் கூடக் கூட அதில் காபன் 14இன் பங்கு குறைந்ததை, அணுகுண்டுச் சோதனைகள் குழப்புவதற்கு முன்பே, 1950களில் அளந்துவிட்டார்கள். வந்த காபன் பழைய காபன் என்பதற்கு அதுவே சாட்சி. அளவு எவ்வளவு என்றால், தொழிற்புரட்சிக்கு முன் மில்லியனுக்கு ஏறத்தாழ 280 பங்கு. ஹவாயில் மௌனா லோவா மலையில் 1958இல் அளக்கத் தொடங்கியபோது 315. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. அண்டார்டிக்காவின் பனிப்பாளத்துக்குள் அகப்பட்ட காற்றுக் குமிழிகளைப் பார்த்தால், 8 இலட்சம் வருடத்தில் ஒரு தடவையும் அது 300ஐப் பெரிதாகத் தாண்டியதில்லை.

இது நேற்று கிளம்பிய கதையும் இல்லை. யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1856இலேயே கண்ணாடிக் குழாயில் இந்த வாயுவை அடைத்து வெயிலில் வைத்து, சாதாரணக் காற்றைவிட அதிகம் சூடாவதைக் காட்டினார். 1896இல் சுவீடனின் அரேனியஸ், வாயு இருமடங்கானால் பூமி எவ்வளவு சூடாகும் என்று கையாலேயே கணக்குப் போட்டார். அப்போது எங்கள் மலைகளில் தேயிலை பரவி முப்பது வருடம்கூட ஆகவில்லை. காசுக்குப் பேசுவதைப் பற்றி என்றால், சந்தேகத்தை விற்பனைச் சரக்காக்கியது முதலில் சிகரெட் கம்பெனிகள். சந்தேகம்தான் எங்கள் உற்பத்திப் பொருள் என்று 1969இல் அந்தத் தொழிலின் உள்குறிப்பு ஒன்றிலேயே எழுதி வைத்திருந்தார்கள். அதே வழியைத்தான் எண்ணெய் வியாபாரம் எடுத்துக்கொண்டது. இதையெல்லாம் அமைதியாக, ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். ஒரே மூச்சில் கொட்டக்கூடாது.

மஸ்கெலியா மகள்:

கொழும்பு அண்ணா, நீங்களே ஒரே மூச்சில்தான் கொட்டியிருக்கிறீர்கள். கோபப்படாதீர்கள், அவ்வளவும் உண்மை. ஆனால் எங்கள் லயத்தில் காபன் 14 வேலைக்கு ஆகாது. ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு நிறுவனத்திலிருந்து விழிப்புணர்வுக்கு வந்தார்கள். பீலிக்கரைக்குப் பக்கத்தில் கூடாரம், பனர், பிஸ்கட். புவி சூடாவது மனிதர்கள் செய்வதால்தான், எனவே விறகு எரிப்பதைக் குறையுங்கள் என்று ஒரு அக்கா பேசினார். எங்கள் அம்மா அப்போதுதான் மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். முதுகில் கூடை, அன்றைக்கு வெயிலில் கொழுந்து இல்லாமல் கிலோ குறைந்து அரைப்பேர்தான், அரைநாள் கூலிதான், விழுந்திருந்தது. எல்லோர் முன்னாலும் கேட்டார்: "மனுசன்னா யாரு? நானா? எங்க வீட்டுல பிரிட்ஜ் இருக்கா, கார் இருக்கா? நான் பொறுக்குன சுள்ளியிலயா ஒலகம் வேகுது? இது சுத்தப் பொய்." சொல்லிவிட்டு லயத்துக்குள் போய்விட்டார். பின்னாலேயே பாதிப் பேர் போய்விட்டார்கள்.

அம்மா மறுத்தது தவறான குற்றச்சாட்டை. ஆனால் அதோடு சேர்த்து முழு விஷயத்தையுமே மறுத்துவிட்டார், இன்றுவரை நம்பவில்லை. இலங்கையில் ஆளுக்கு வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு தொன் காபனீரொட்சைட்டு, அமெரிக்காவில் பதினான்கு தொன் அளவில். இதில் லயத்துக்காரரின் பங்கு எவ்வளவு இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். விழுந்த மரத்துச் சுள்ளியின் காபன் அந்த மரம் காற்றிலிருந்து எடுத்ததுதான். அதையும் நிலக்கரியையும் ஒரே தட்டில் வைத்துப் பேசினால் எங்கள் ஆட்களுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? முதலில் யார் செய்தது என்று சொல்லுங்கள். அப்புறம் எப்படி நடந்தது என்று சொல்லலாம்.

உடபுசல்லாவ:

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள். 1869இல் வந்த இலைத்துரு நோய்தான் கோப்பியை அழித்தது. அது காலநிலையா? தேயிலை விளைச்சல் விழுந்தது 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்ததால். அது காலநிலையா? பூமி முன்பும் சூடாகிக் குளிர்ந்ததுதான். நானும் தோட்டத்தில் பிறந்தவன், காலநிலை என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைப்பதையும் பார்த்திருக்கிறேன்.

தலவாக்கலை, இப்போது கொழும்பு:

உரத்தடை விளைச்சலை வீழ்த்தியது உண்மை. அதை யாரும் இங்கே மறுக்கவில்லை. ஆனால் ஒரு செடிக்கு உரமும் இல்லாமல் மழையும் பிந்தினால் இரண்டும் சேர்ந்துதான் அடிக்கும், ஒன்று இருந்தால் மற்றது இல்லை என்று ஆகாது. பனியுகங்கள் வந்து போனது பூமியின் சுற்றுப்பாதையும் சாய்வும் பல்லாயிரம் வருடத்தில் மெதுவாக மாறியதால். இப்போது நடப்பது நூற்றைம்பது வருடத்துக்குள். 2021இல் ஐ.நா.வின் காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடைக் குழு, மனிதச் செல்வாக்கு ஐயத்துக்கு இடமற்றது என்றே எழுதியது. சம்பளத்தைக் குறைப்பவர்கள் மேல் உங்களுக்குள்ள கோபம் எனக்கும் உண்டு. அந்தக் கோபத்தை வெப்பமானியின் மேல் காட்டாதீர்கள்.

புசல்லாவை:

கடைசியாக என்னுடையது. எங்கள் தோட்டத்துப் பழைய கணக்கப்பிள்ளை ஐயா, மழை எல்லாம் முன்பு மாதிரித்தான் என்று தேநீர்க்கடையில் சத்தியம் பண்ணுவார். தோட்டத்து ஒபிசில் மழைமானி வைத்துத் தினமும் பதிவது உங்களுக்குத் தெரியும். அந்தப் பதிவேட்டில் பாதி அவர் கையெழுத்துத்தான். போய்ப் பார்ப்போம் ஐயா என்றேன், வந்தார். பழைய புத்தகத்தையும் புதியதையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் விரித்தோம். வருட மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. "பாத்தியா!" என்று அதை உடனே பிடித்துக்கொண்டார். பிறகு நான் நாட்களைக் காட்டினேன். பழையதில் தூறல், தூறல், தூறல் என்று பக்கம் முழுக்கச் சின்ன எண்கள். புதியதில் வெறுமையான கட்டங்கள், நடுவில் ஒரே நாளில் பெரிய எண். கண்ணாடியை எடுத்துத் துடைத்துவிட்டு, விரலை வைத்து வரி வரியாகப் போனார். தன் கையெழுத்து வந்த இடத்தில் மட்டும் நின்று நின்று போனார்.

ஒரு தோட்டத்துப் புத்தகத்தை வைத்து உலகத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது, டீச்சர் சொன்னதும் அதுதான். மனிதர் காரணமா என்பதில் ஐயா இன்னும் இறங்கி வரவில்லை. ஆனால் மழை முன்பு மாதிரி என்று இப்போது கடையில் சொல்வதில்லை. பூண்டுலோயா அண்ணே, அந்தக் கங்காணி ஐயா எந்தத் தோட்டம் என்று உள்பெட்டியில் சொல்லுங்கள். அங்கேயும் பதிவேடு இருக்கும். மண்சரிவு எச்சரிக்கைக் கடிதம் ஏதாவது ஒபிசுக்கு வந்திருந்தால் அதுவும் கோப்பில் இருக்கும். அவர் கேட்ட இரண்டு கேள்விக்குமே காகிதம் தேடலாம்.